இரண்டு கச்சேரி, ஒரு கேசட்

முதலில் ஓர் இரைச்சல்தான் வரும். பாட்டும் இல்லை, வாத்தியமும் இல்லை, ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்த இரைச்சல். அது தணிவதற்குள் கித்தார் ஒன்று வீறிடும், டேப் ரெக்கார்டரே நடுங்கும், அடுப்படியிலிருந்து உம்மா "ஆரம்பிச்சிட்டானுங்களா!" என்று குரல் கொடுப்பாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், பழவேற்காட்டில் எங்கள் வீட்டுக்குள் ராக் இசை நுழைந்தது சலீம் அண்ணனால். துபாயில் ஒரு மின்சாமான் கடையில் வேலை பார்த்த அண்ணன், ஊருக்கு வந்த ஒருவரிடம் டேப் ரெக்கார்டரையும் இரண்டு கேசட்டுகளையும் கொடுத்தனுப்பியிருந்தான். இரண்டிலும் ஒரே குழு, ஏறக்குறைய அதே பாட்டுகள், மேடையில் பாடியபோதே பதிவானவை. கச்சேரி நடந்த ஊர்தான் வேறு. குழுவின் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. அட்டைப் படத்தில் எல்லோருக்கும் தோளுக்குக் கீழே முடி தொங்கியதால் "சடைக்காரனுங்க" என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம்.

எனக்கும் ஜுபைதா அக்காவுக்கும் அந்த ஆங்கிலத்தில் ஒரு வரிகூடப் புரியாது. அதனால் என்ன, சண்டை போட அர்த்தமா வேண்டும்? முதல் ஊர்க் கச்சேரியில் பாடகனின் குரல் சுத்தமாக இருக்கும், கூட்டமும் மரியாதை தெரிந்த கூட்டம், பாட்டு முடிந்த பிறகுதான் கை தட்டும். நான் அந்தக் கட்சி. இரண்டாவதில் எல்லாமே அவசரம், மைக் கீச்சிடும், ஒரு பாட்டில் பாடகன் பாதியிலேயே நிறுத்திவிட, மீதியைக் கூட்டமே பாடும். அக்காவுக்கு அந்த இடம்தான் உயிர். பேட்டரி தீர்ந்துவிடும் என்று கேசட் துளையில் பென்சிலைச் செருகி நாடாவைப் பின்னுக்குச் சுற்றி, அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடுவாள். "பாடத் தெரியாதவன் நிறுத்திட்டான், அதுக்குப் போய் ஆடுறியே" என்பேன். அவள் என் பின்னலைப் பிடித்து இழுப்பாள்.

அப்போது வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்த வீடுகளில் கேசட்டில் "பேசி அனுப்புறது" வழக்கம். எழுத வராதவர்கள்கூட அதில் மணிக்கணக்கில் பேசுவார்கள். "உம்மா, ஒரு வாட்டியாவது உங்க குரலைக் கேக்கணும்" என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் துபாய்க்குப் புறப்படுகிறார் என்று தெரிந்ததும் உம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைத்தெருவில் வெற்றுக் கேசட் இல்லை. அவரை விட்டால் அடுத்து எப்போது யார் போவார்களோ!

உம்மா எங்கள் முன்னால் வந்து நின்றாள். "ரெண்டுலயும் அதே பாட்டுதானேடி? ஒண்ணைக் குடுங்க."

அதே பாட்டாம்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவும் நானும் கத்திய கத்தலில், "சரி, ரெண்டையும் போடு, நானே கேட்டுச் சொல்றேன்" என்று உம்மா முறத்தோடு உட்கார்ந்துவிட்டாள். என் கேசட்டைக் கேட்டபடியே அரிசியில் கல் பொறுக்கினாள். அக்காவின் கேசட்டில் பாடகன் நிறுத்திய இடம் வந்ததும் அவள் கை நின்றது. "இன்னா, பாவம், தொண்டை கட்டிக்கிச்சா அவனுக்கு? ஜனங்க எவ்ளோ ஆசையா எடுத்துக் குடுக்குறாங்க பாரு! இதை அழிக்காதீங்க."

தீர்ப்பு முடிந்தது. பாட்டு அழியக் கூடாதென்று அண்ணன் ஓரத் தக்கையை உடைத்து வைத்திருந்த துளையில் காகிதத்தை மடித்துச் செருகி, என் கேசட்டில் அக்கா பதிவுப் பொத்தானை அழுத்தினாள். உம்மா ஊர்க் கதையெல்லாம் பேசினாள். கோட்டைக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை அக்காவும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நைனா, நல்லா கீறியா? ஏரியில எறா நல்லா படுது, நீதான் இல்ல" என்று கத்தினாள். கடைசியில், "வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பாத்துக்கப்பா" என்று உம்மா சொல்லி முடிக்க, ஜுபைதா அக்கா பொத்தானை விடுவித்தாள். நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

விடுமுறைக்கு அண்ணன் வந்தபோது அந்தக் கேசட்டையும் கொண்டுவந்து எங்களுக்குப் போட்டுக் காட்டினான். "உடம்பைப் பாத்துக்கப்பா" என்று உம்மா சொல்லி முடித்த அடுத்த நொடி, அழியாமல் மிச்சமிருந்த கச்சேரியின் கைதட்டல் பொங்கி எழுந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்துப் புரண்டோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. துபாயில் அவன் அறையில் இருந்தவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் அதைப் போடச் சொல்லி, அந்த இடம் வந்ததும் தாங்களும் சேர்ந்து கை தட்டுவார்களாம். உம்மா வெட்கத்தில் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது உம்மா இல்லை. அந்தக் கேசட்டும் நாடாவில் பூஞ்சை பூத்து வீணாகிவிட்டது. போன மாதம் என் மகன் அந்த முதல் ஊர்க் கச்சேரியைக் கைபேசியில் தேடி எடுத்துக் கொடுத்தான். அன்று அழிந்துபோன பாட்டுகளை முழுதாகக் கேட்டேன். அருமையாகத்தான் பாடியிருக்கிறான், என் கட்சி சரியான கட்சிதான். ஆனால் பாட்டு முடிந்து அந்தக் கைதட்டல் எழுந்தபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உம்மாவுக்குச் சேர வேண்டியதை யாரோ ஒருவன் வாங்கிக்கொள்கிறான்.