அறைக்காரம்மாவும் வெறுஞ்சுவரும்

அரசாங்க ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், எலும்பு வார்டைத் தாண்டிப் போனால், நடைபாதையின் கடைசியில் ஒரு கதவு இருக்கும். அதில் 'அமைதி அறை' என்று எழுதியிருக்கும். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் அவரவர் சாமியை அவரவர் முறைப்படி வேண்டிக்கொள்ள அரசாங்கம் ஒதுக்கிக் கொடுத்த அறை அது. கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறவர்கள் முதலில் திகைத்துத்தான் போவார்கள்.

"இங்க ஒண்ணுமே இல்லையேம்மா?"

"ஒண்ணும் இல்லைங்க. உள்ள வாங்க" என்பாள் அறைக்காரம்மா.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கும் உண்டு. ஆனால் ஒன்பது வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டரம்மாக்கள் முதல் லிஃப்ட்காரர் வரை எல்லோருக்கும் அவள் அறைக்காரம்மாதான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபத்தாறாவது வயதில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். பதினோரு வருடம் நின்றபடி படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டாள். முழங்கால் இரண்டும் இனி முடியாது என்று கைவிரித்தபோது, சூப்பரின்டென்ட் கூப்பிட்டு இந்த அறையின் சாவியைக் கொடுத்தார்.

"இந்த அறைக்குள்ள எதுவும் தங்கக் கூடாது. படம், பூ, மெழுகுவர்த்தி, புத்தகம் எதுவா இருந்தாலும் கும்பிட்டவங்க போகும்போது கூடவே போயிடணும். அடுத்து வர்றவருக்கு அறை காலியா இருக்கணும். அதான் உன் வேலை."

"எதுவுமே இல்லாத அறைக்கு எதுக்கு சார் சாவி?"

சூப்பரின்டென்ட் சிரித்துவிட்டார். சிரித்து முடித்த பிறகு இன்னொன்றும் சொன்னார். யூனிஃபார்ம் போட்டிருக்கிற நேரத்தில் அவள் அங்கே உட்கார்ந்து கும்பிடக் கூடாது. அந்த நேரத்தில் அவள் அரசாங்கம்; அரசாங்கம் ஒரு பக்கமாகத் திரும்பி உட்காரக் கூடாது. அவளுக்கு அது பாதி புரிந்தது. புரிந்த பாதியை ஒழுங்காகச் செய்துவிடுவோம் என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

வேலை என்று பார்த்தால் சின்ன வேலைதான். ஆனால் அதை அவள் செய்கிற விதம் வேறு. ஒருவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் உள்ளே போவாள். தரையில் விரிக்கிறவர்களின் பாயைச் சுருட்டுவாள். முழங்காலில் நிற்கிறவர்களின் மெத்தைத் துண்டைத் தட்டுவாள். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் தள்ளுவாள். வெளியே இருக்கும் அலமாரியில் நான்கு தட்டுகள். எந்தத் தட்டுப் பொருளை எடுத்தாலும் இரண்டு கையாலும்தான் எடுப்பாள். மெழுகுவர்த்திகூட உண்மையில் மெழுகுவர்த்தி இல்லை. பக்கத்திலேயே ஆக்ஸிஜன் குழாய் ஓடுவதால் பேட்டரியில் எரிகிற பொம்மை. அதையும் அணைத்து, துணியில் சுற்றித்தான் வைப்பாள். கடைசியாக ஈரத்துணியால் தரையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிடுவாள்.

அந்த ஒரு நிமிஷம்தான் அவளுக்குப் பிடித்த நிமிஷம். சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பெட்டியை எடுத்த பிறகும் விரிப்பில் சூடு கொஞ்ச நேரம் நிற்கும் அல்லவா, அதுபோல அழுதுவிட்டுப் போனவர்களின் சூடு அறையில் நிற்கும். திரைச்சீலை மெல்ல உப்பும், அடங்கும். அறையே மூச்சு விடுகிறதோ என்று இருக்கும். யார் வீட்டுக் கவலை, எந்தச் சாமிக்குச் சொன்னது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் எல்லாம் கலந்து, பால் நிற வெளிச்சமாக ஜன்னல் வழியே போய்க்கொண்டிருக்கும். அவள் துடைப்பத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவள் புருஷன் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நாலு பத்துக்கு ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு வருகிற அவர் வண்டியிலேயே ஏறி வீட்டுக்குப் போவாள். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன, இன்னைக்கு எத்தனை சாமியை வெளிய துரத்தின?"

"பதினொண்ணு."

"நம்ம சாமி?"

"அவரு ரெண்டு தடவை வந்தாரு. ரெண்டு தடவையும் அனுப்பிட்டேன்."

"உனக்குத்தான் நெஞ்சழுத்தம் பாரு. வீட்டுல அவருக்கு அரை மணி நேரம் கண்ணை மூடி நிக்கிற, அங்க போனா ஆள் தெரியாத மாதிரி நடந்துக்கிற!"

இதைக் கேட்டுப் பேருந்தின் முன்வரிசையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஒன்பது வருடம் இப்படித்தான் போயிற்று.

அப்புறம் அந்தத் தையல்காரம்மா வந்தாள்.

வளர்ந்த மகன், கட்டிட வேலையில் சாரம் சரிந்து விழுந்து ஐசியுவில் கிடந்தான். கண் திறக்கவில்லை. தையல்காரம்மாவின் சட்டை முன்பக்கத்தில் குத்திய ஊசி ஒன்று அப்படியே இருந்தது. மெஷினிலிருந்து எழுந்தவள் அப்படியே ஓடி வந்திருக்கிறாள். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு படம் கொண்டுவந்தாள். அதைப் பார்த்ததும் அறைக்காரம்மாவுக்கு நெஞ்சு இளகிப் போனது. அவள் வீட்டுச் சுவரில் இருக்கும் அதே சாமி. அதே சாய்ந்த தலை, அதே சிரிப்பு.

"இதைச் சுவத்துல மாட்டிட்டுப் போறேம்மா. நான் அங்க அவன்கிட்ட நிக்கிற நேரத்துல இவரு இங்க நிக்கட்டும். சாயங்காலம் எடுத்துடறேன்."

கூடாது என்ற வார்த்தை அறைக்காரம்மாவின் தொண்டை வரை வந்தது. வாயைத் தாண்டவில்லை. அவளே போய் நர்ஸிடம் பிளாஸ்திரி வாங்கி வந்து, நாலு மூலையிலும் ஒட்டிக் கொடுத்தாள்.

சாயங்காலம் ஆனது. படம் இருந்தது. மறுநாளும் இருந்தது. அந்த இரண்டு நாளும் வேலை அவளுக்குக் கனவு மாதிரி இருந்தது. தரை துடைக்கையில் மேலிருந்து அவர் பார்க்கிறார். ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் நேரே அவர் முகத்தில் போய் விழுகிறது. இத்தனை வருடம் வெறும் சுவரைப் பார்த்து நின்றதற்குக் கூலி கொடுக்க வந்திருக்கிறார் என்றுகூட ஒரு நினைப்பு. அந்த நாட்களில் வழக்கத்தைவிடக் குறைவான ஆட்களே வந்தார்கள் என்பதை அவள் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், தண்ணீர் வாளியைக் கொட்டிவிட்டு மாடிப்படி வழியாக வந்தாள். படித் திருப்பத்தில், துடைப்பங்கள் சாத்தி வைக்கிற மூலையில், ஒரு மனிதர் கைக்குட்டையை விரித்து அதன்மேல் முழங்காலிட்டிருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரி இடுப்பு எலும்பு முறிந்து ஒரு மாதமாக வார்டில் இருந்தாள். அறைக்குத் தினமும் வருகிறவர். அவர் கும்பிடுகிற சாமி வேறு.

அவர் முடிக்கும் வரை அவள் வாளியோடு நின்றாள்.

"ஐயா, என்ன இங்க? அறை காலியாத்தானே இருக்கு?"

அவர் சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"காலியா இல்லையேம்மா. நேத்தே பார்த்தேன்."

"அந்தப் படமா? அது சும்மா, ஒரு ஓரமா..."

"தப்பாச் சொல்லலை. முப்பத்தி ஒரு வருஷம் ஊர்ல எல்லா வீட்டு வாசல்லயும் நின்னவன் நான். எந்த வாசல்ல நிக்கலாம், எந்த வீட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு கதவைப் பார்த்தாலே தெரியும். நேத்து கதவைத் திறந்தேன். யார் வீட்டுக்குள்ளயோ கூப்பிடாம நுழைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. அதான் வந்துட்டேன்."

"சூப்பரின்டென்ட்கிட்ட சொல்லியிருக்கலாமே ஐயா."

"அந்தப் பையன் பிழைக்கணும்னு அவங்கம்மா வச்சது. அதைப் போய் புகார் பண்ணுவேனா?" கைக்குட்டையைத் தூசி தட்டி மடித்தார். "இங்கயும் கேட்கும்மா அவருக்கு. துடைப்ப நாத்தம்தான் கொஞ்சம்."

அவர் சிரித்துக்கொண்டேதான் போனார். அவளுக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்றைக்குப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், வெயிலில் அப்படியே கண் அயர்ந்துவிட்டாள். கனவில் ஆஸ்பத்திரி நடைபாதை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் சாமிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லார் கையிலும் டோக்கன். சிலருக்கு உருவம் இருக்கிறது. சிலருக்கு இல்லை, நாற்காலியில் வெளிச்சம் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் இன்னொருவருக்கு இடம் நகர்ந்து கொடுக்கிறார். அவளுடைய சாமி மட்டும் அங்கே இல்லை. எங்கே என்று பார்த்தால், அவர் அறைக்குள் இருக்கிறார். கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கிறது. சாவி அவள் கையில். உள்ளேயிருந்து அவர் மெல்லத் தட்டுகிறார். "அம்மா, நான் எப்ப வெளிய போறது?"

"இறங்கு, இறங்கு, வீடு வந்தாச்சு" என்று புருஷன் எழுப்பினார். "தூக்கத்துல யார்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு இருந்த?"

மறுநாள் காலை ஐசியு வாசலுக்குப் போனாள். தையல்காரம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அந்தப் படத்தை எடுக்கணும்."

தையல்காரம்மாவின் முகம் சுண்டிப்போனது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. தப்பு என்னுது. மத்தவங்க உள்ள வர முடியாம நிக்கிறாங்க."

"மூணு நாளா அவரு அங்க நிக்கிறதாலதான் என் புள்ளைக்கு மூச்சு ஓடுது. நீ கழட்டி, அவனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? நீ பொறுப்பா?"

அதே பயம் அறைக்காரம்மாவுக்கும் இருந்தது. இரவெல்லாம் இருந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும்க்கா. அவரு எங்க வீட்டுச் சாமியும்தான். அதனாலதான் அன்னைக்கு ஒட்டிக் கொடுத்தேன். வேற சாமி படமா இருந்தா, நீங்க எவ்வளவு அழுதிருந்தாலும் ஒட்டியிருக்க மாட்டேன். ரூல்ஸ் பேசியிருப்பேன். அதை நினைச்சா எனக்கே வெக்கமா இருக்கு."

தையல்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குப் புள்ள இருக்கா?"

"இல்லக்கா."

"அதான்."

அந்த ஒரு சொல்லை அறைக்காரம்மா வாங்கிக்கொண்டாள். தையல்காரம்மாவே எழுந்தாள். "வா. என் கையால கழட்ட மாட்டேன். நீயே கழட்டு."

பிளாஸ்திரியை வெடுக்கென்று இழுத்தால் படம் கிழியும். அறைக்காரம்மா வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு மூலையிலும் வைத்து எடுத்தாள். துணி விஷயம் அவளுக்குத் தெரியும். சூடு பட்டால் எந்தப் பசையும் விட்டுக் கொடுக்கும். நாலாவது மூலையில் துணியை வைத்தபடி, 'கோபம் வந்தா என்மேல வையி, அந்தப் பையன் மேல வைக்காதே' என்று மனசுக்குள் சொன்னாள். யூனிஃபார்ம் போட்டிருந்த நேரத்தில் அந்த அறையில் அவள் வேண்டிக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

படத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். தையல்காரம்மா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டாள். இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. அறைக்காரம்மா நேரம் கிடைக்கும்போதெல்லாம் ஐசியு வாசலை எட்டிப் பார்ப்பாள். தையல்காரம்மா உட்கார்ந்திருப்பாள். இவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உட்கார்ந்திருக்கிறாள் என்றால் மகன் இருக்கிறான். அந்த அளவில் மனசைத் தேற்றிக்கொண்டு திரும்புவாள்.

மூன்றாம் நாள் மூன்றரை மணிக்கு, அறைக் கதவுக்கு வெளியே பேச்சுக்குரல் கேட்டது.

"நேத்து விரலை அசைச்சான். இன்னைக்குக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். யாருன்னு தெரியலைன்னு நினைக்கிறேன். ஆனா பார்த்தான்."

"தெரியும்மா. மெல்லத் தெரியும்." அது தபால்காரர். "நீங்க முதல்ல உள்ள போங்க. என் வீட்டுக்காரி நடக்க இன்னும் மாசக்கணக்கு ஆகும். எனக்கு அவசரம் இல்லை."

தையல்காரம்மா உள்ளே போனாள். படத்தை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்து, எதிரே தரையில் உட்கார்ந்து, வெகுநேரம் அழுதாள். வெளியே வந்தபோது படம் கையில் இருந்தது.

"நாற்காலியை அடுக்கிட்டேன். சரியா இருக்கான்னு பாத்துக்கோ" என்றாள், முகம் பார்க்காமல். அப்புறம் பார்த்தாள். "உன் ட்யூட்டி எத்தனை மணி வரைக்கும்?"

"முடிஞ்சுதுக்கா. இப்பதான்."

"அப்ப அந்த யூனிஃபார்ம் கோட்டைக் கழட்டிட்டு நீயும் போய் உட்காரு. என் புள்ளைக்காக ஒரு வார்த்தை சொல்லு. ஐயா நிக்கிறாரு, அதனால சீக்கிரம் வா."

அறைக்காரம்மா திகைத்து நின்றாள். ஒன்பது வருடமாகத் தினமும் ட்யூட்டி முடிந்துதான் இருக்கிறது. பேருந்துக்கு ஓடுவாளே தவிர, இது அவளுக்குத் தோன்றவே இல்லை. யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றி அலமாரியின் கொக்கியில் மாட்டினாள். எல்லாரையும்போல வாசலில் செருப்பை விட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

எதிரே வெறும் சுவர். பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பையனின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. 'அந்தத் தையல்காரம்மா மகன்' என்றுதான் சொன்னாள். 'அம்மாவை அவனுக்கு அடையாளம் தெரியணும்' என்றாள். பிறகு தபால்காரர் வீட்டுக்காரியின் இடுப்புக்கும் சேர்த்துச் சொன்னாள். திரைச்சீலை உப்பியது, அடங்கியது. வெளிச்சம் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நாலு பத்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்று, ஒருமுறைக்கு மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது எங்கோ கனவில் கேட்டதுபோலக் கேட்டது.

எழுந்தாள். தான் உட்கார்ந்த நாற்காலியை எடுத்து மற்றவற்றின்மேல் அடுக்கினாள். தரையை ஒரு இழுப்பு இழுத்தாள். கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள்.

"வாங்கய்யா" என்றாள் தபால்காரரிடம். "காலியா இருக்கு."