தழும்பு அழிக்கிற சேக் இஸ்மாயில்

சேக் இஸ்மாயில் ராவுத்தர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை, அடுத்தவர் முகத்துத் தழும்பை அழிப்பது. காஜிமார் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. போட்டோ பிடித்த கண்ணாடிப் பிளேட்டைச் சாய்வுப் பலகையில் வைத்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் அம்மைக் குழியை மூடுவார். கண்ணுக்கடியில் கிடக்கும் கருவளையத்தைக் கரைப்பார். ஜவுளிக்கடைக்காரரின் இரட்டைத் தாடையை ஒற்றையாக்குவார். அவர் கைபட்டால் அரைக்கிழவனும் புது மாப்பிள்ளைதான். படத்தை மெச்சி வாங்கிப் போனவர்கள் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் முகம் பார்த்து என்ன நினைத்தார்களோ, அந்த வம்பு அவருக்கு எதற்கு?

நாற்பத்திரண்டாம் வருஷத்து ஆடி மாதம் அவருக்கு எல்லாமே அலுத்துப் போயிருந்தது. சண்டை வந்ததிலிருந்து பிளேட்டும் சரியாக வருவதில்லை, பேப்பரும் வருவதில்லை. கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தது. "கடையச் சாத்திட்டு வீட்டுல கெடங்க. கண்ணு அவிஞ்ச பெறகு கையப் புடிச்சு யாரு கூட்டிக்கிட்டுத் திரியிறது?" என்று மனைவி அஜ்மல் பீவி தினமும் ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள். சரி சரி என்று தலையாட்டுவார். விடிந்தால் கால் தன்பாட்டுக்குக் கடைக்கு வந்து நிற்கும். வந்து என்ன செய்ய? ஈ ஓட்டத்தான்.

அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் ஒச்சாயி வந்தாள். கீழக்குயில்குடிக்காரி. ஊரார் வயலில் நாற்று நட்டும் களை எடுத்தும் பிழைக்கிறவள். மூக்குத்தி போன இடத்தில் துளை தூர்ந்துவிடாமல் ஓர் ஈர்க்குச்சியைச் செருகியிருந்தாள். கூட வந்த ஆள் உள்ளே வரவில்லை. எதிர்ச்சுவர் நிழலில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். எலும்பும் தோலுமாக இருந்தான். கால் இரண்டிலும் கந்தைத் துணி சுற்றியிருந்தது.

ஒச்சாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு போட்டோவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வரைந்த திரைக்கு முன்னால் ஓர் ஆணும் பெண்ணும் விறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ராவுத்தரய்யா, இதுல நிக்கிறதும் வெளிய ஒக்காந்திருக்கறதும் ஒரே ஆளான்னு பாத்துச் சொல்லணும். ஒங்களுக்குத்தான் மொகம் அத்துப்படின்னு சொன்னாக."

"யாரு தாயி அது?"

"எம் புருசன் சின்னான்னு சொல்லிக்கிட்டு வந்திருக்காரு."

கதையை அவள் அழாமல் சொன்னாள். அழுது முடித்தவள் சொல்கிற மாதிரி சொன்னாள். சின்னான் ரங்கூன் அரிசி மில்லுக்கு வேலைக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம். கப்பலேறுவதற்கு முன்னால் சித்திரைத் திருவிழாவில் கூடாரம் போட்டிருந்த ஒரு போட்டோக்காரனிடம் இரண்டு பேரும் நின்று எடுத்த படம் இது. இப்போது அங்கே குண்டு விழுந்து, சனங்கள் காடு மலையெல்லாம் நடந்தே ஓடிவந்தார்கள். அப்படி நடந்து, போன மாதம் வந்து சேர்ந்தவன் இந்த ஆள்.

"அவருக்குப் பொருவத்து மேல ஒரு தழும்பு உண்டுங்க. கருதறுக்கறப்ப அருவா பட்டது. படத்துல பாருங்க, எடது பொருவம். இந்தாளுக்கு வலது பொருவத்துல இருக்கு."

"ஒம் புருசனுக்கு எந்தப் பக்கம்னு ஒனக்குத் தெரியாதா?"

ஒச்சாயி தலை குனிந்தாள். "தெரியும்னுதான் நெனச்சேன். கண்ணாலம் ஆகி ஒரு வருசங்கூட நாங்க சேந்து இருக்கல. பெறகு அம்புட்டு வருசமும் இந்தப் படத்தத்தான தொடச்சுத் தொடச்சுப் பாத்தேன்? கண்ண மூடினா எடது பக்கந்தான் வருது."

பங்காளி கருத்தக்கண்ணன் அடித்துச் சொல்லிவிட்டானாம்: சின்னான் அங்கேயே செத்திருப்பான், கூட இருந்த எவனோ அவன் கதையைக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறான், படம் பொய் சொல்லுமா என்று. நாளைக்கு ஊர் கூடுகிறது. ஆளை விரட்டிவிடப் போகிறார்கள்.

"அதுவரைக்கும் எங்க தங்கியிருக்கான்?"

"மாட்டுக் கொட்டத்துலங்க. சோத்தத் தள்ளி வச்சுட்டு வந்துருவேன்."

"அவன் என்னதான் சொல்றான்?"

"மொதல்ல சத்தியம் பண்ணாரு. இப்ப அதுவும் இல்ல. படத்துல அப்பிடி இருந்தா நான் வேற யாரோதான் போலன்னு சொல்றாரு."

சேக் இஸ்மாயிலுக்குப் பகீர் என்றது. யா அல்லாஹ், வீட்டில் கிடங்க என்று அஜ்மல் சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாதா? ஆமாம் என்று தப்பாகச் சொன்னால் எவனோ ஒருத்தன் அவள் வீட்டுக்குள் நுழைவான். இல்லை என்று தப்பாகச் சொன்னால் பர்மாவிலிருந்து நடந்து வந்தவன் மறுபடி தெருவில் நடப்பான். எரிச்சலோடு பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

முகத்தை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. படத்தில் இருப்பவன் கொழுகொழுவென்று இருந்தான். வெளியே இருப்பவனைப் பட்டினி தின்றிருந்தது. போதாதற்கு முகத்தை எவ்வளவு மாற்றலாம் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அதனால் முகத்தை விட்டுவிட்டுத் துணிமணியைப் பார்த்தார். பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன தாயி, ஒம் புருசன் எங்காளுக மாதிரில்ல வேட்டி கட்டியிருக்கான்?"

ஒச்சாயிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அதெல்லாம் கெடையாதுங்க! எங்க சாதிசனம் கட்டுற மாதிரிதான் அவரும் கட்டுவாரு."

வேட்டியை முஸ்லிம்கள் இடது பக்கம் செருகுவதும் மற்றவர்கள் வலது பக்கம் செருகுவதும் மதுரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படத்துச் சின்னானுக்கு ஓரம் இடது பக்கம் இறங்கியது. சிரிப்பு அடங்கி, சேக் இஸ்மாயில் நிமிர்ந்து ஒச்சாயியின் முகத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அதில் அவள் மூக்கில் பளிச்சென்று ஒரு மூக்குத்தி இருந்தது.

"ஒனக்கு மூக்கு எந்தப் பக்கம் குத்துனது?"

"இந்தா, வலது பக்கம்." ஈர்க்குச்சியைத் தொட்டுக் காட்டினாள்.

"படத்துல எந்தப் பக்கம்னு நீயே பாரு."

அவள் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மூக்குத்தி இடது பக்கம் இருந்தது. விரல் தானாக மூக்குக்குப் போய் வந்தது.

"திருவிழாக் கூட்டத்து அவசரத்துல பிளேட்டப் பொரட்டிப் போட்டுப் பிரிண்டு எடுத்திருக்கான் பாவி. அதான் படமும் லேசா மங்கலா இருக்கு. எல்லாமே எடம் மாறிப்போச்சு தாயி, தழும்பும் சேத்துத்தான்." அவளை எழுப்பி, வருகிறவர்கள் தலை சீவிக்கொள்ளும் பெரிய கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திப் படத்தைப் பிடித்தார். கண்ணாடிக்குள் மூக்குத்தி வலது பக்கம் போயிருந்தது. தழும்பும் வலது புருவத்துக்குப் போயிருந்தது. "நாளைக்கு ஊர் கூடுற எடத்துக்கு ஒரு கண்ணாடிய எடுத்துக்கிட்டுப் போ. அந்தக் கருத்தக்கண்ணனையும் பாக்கச் சொல்லு."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இம்புட்டு வருசத்துல ஒரு நா கூட நான் என்னையப் பாக்கல ராவுத்தரய்யா. அவரையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். ஒரு தடவ என் மூஞ்சியப் பாத்திருந்தா போதுமே! இந்த அட்டைப் படத்துக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு, வந்த மனுசனக் கொட்டத்துல போட்டுட்டேனே."

அவர் திரும்பினார். சாய்வுப் பலகையில் பாதியில் கிடந்த பிளேட்டு கண்ணில் பட்டது. பழங்காநத்தத்துப் பையன் ஒருவன், பட்டாளத்துக்குப் போகிறவன். தாடையில் இருந்த வெட்டுக் காயத்தைக் காலையில்தான் சுத்தமாக மூடியிருந்தார். எத்தனை முகம், எத்தனை தழும்பு! எந்த ஊரில் எவள் எந்தப் படத்தை வைத்துக்கொண்டு எவனை அடையாளம் தேடப் போகிறாளோ! பென்சிலை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.

ஒச்சாயி மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். படத்தை முந்தானையில் முடிந்துகொண்டு தெருவைத் தாண்டி அந்த ஆளுக்கு முன்னால் போய் நின்றாள். சேக் இஸ்மாயிலும் வாசல்வரை வந்தார்.

"எந்திரிய்யா. வீட்டுக்குப் போவோம்."

சின்னான் சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தான். உள்ளே என்ன சொன்னார்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்கிற தெம்பும் அவனிடம் இல்லை.

"கொட்டத்துக்குத்தான?" என்றான்.

அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. எங்கே போய்ப் படுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.