சேலைக் காசில் வாங்கிய நாலு நரம்பு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருகோணமலையில் யுத்தம் ஒரு வாரம் தூங்கி மறு வாரம் விழித்துக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபத்து நான்கு வயது. மூதூரில் ஒரு பாலர் பாடசாலையில் ஆசிரியையாக இருந்தேன். எங்கள் ஊரிலிருந்து பட்டணத்துக்குப் போவதென்றால் குடாவைக் கடக்கும் மோட்டார் படகான லோஞ்சுதான். அன்று காலையும் அதில்தான் போனேன். சித்தப்பாவின் மகளுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்த காசுக்கு நல்லதாக ஒரு சேலை எடுத்து வரவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. நானும் நல்ல பிள்ளை மாதிரித் தலையை ஆட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

உண்மையைச் சொன்னால், என் மனதில் சேலையே இல்லை. அதற்கு முந்திய வருடம் பட்டணத்தை ஒட்டிய பாலையூற்றில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, ஒரு பறங்கியர் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ யுகுலேலே வாசிப்பதைக் கேட்டிருந்தேன். நாலே நாலு நரம்பு கொண்ட குட்டிக் கிற்றார் அது. மழை ஓய்ந்த பிறகு தாழ்வாரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுமே, அப்படி ஒரு சத்தம். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்டேன். அன்று பிடித்த பைத்தியம்தான். குசினியில் சோறு அடிப்பிடிப்பது தெரியாமல் நான் வேறெங்கோ மிதந்துகொண்டிருப்பேன். அம்மா திட்டித் திட்டி ஓய்ந்து போனார்.

ஆனால் இந்த ஆசையை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சனம் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்து திரிகிற நேரத்தில், வாசிக்கவே தெரியாத ஒரு வாத்தியத்துக்கு ஆசைப்படுகிறேன் என்றால் யார் சிரிக்கமாட்டார்கள்? எனக்கே வெட்கமாக இருந்தது. பாலையூற்றில் ஒரு குடும்பம் வெளிநாடு போவதற்காக வீட்டுச் சாமான்களை விற்கிறது, அதில் வாத்தியங்களும் இருக்கின்றன என்று கூட வேலை செய்யும் ரீச்சர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அன்று பட்டணத்தில் இறங்கியதும் என் கால்கள் துணிக்கடைப் பக்கம் போக மறுத்துவிட்டன.

அந்த வீட்டில் என் வயதே மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தார். பாதி அலுமாரிகள் போய்விட்ட வெறும் கூடத்தில், ஒரு கதிரையின் மேல் வாத்தியங்களை வரிசையாக வைத்திருந்தார். பெரிய கிற்றாரை நான் பார்க்கவே இல்லை. விலையும் எட்டாது, லோஞ்சில் கொண்டு போகவும் ஏலாது. மண்டலினைத் தொட்டுப் பார்த்தேன். அதன் கம்பி நரம்புகள் விரலை அறுத்தன. மிச்சம் இரண்டு யுகுலேலேகள். ஒன்று செக்கச் செவேலென்று, தென்னை மரப் படம் போட்டு மினுங்கியது. மற்றது பழுப்பு நிறம், மினுக்கமே இல்லை. போதாததற்கு, அதன் ஒரு நரம்பு அறுந்து, அந்த இடத்தில் மீன் பிடிக்கிற தங்கூசி நூலைக் கட்டியிருந்தார்கள். நான் சட்டென்று சிவப்பைத்தான் எடுத்தேன். மினுக்கத்தைக் கண்டால் எனக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

அந்தப் பெண் சிரித்தார். “கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ. ரெண்டையும் தட்டுறன். எது உங்களோட கதைக்குது எண்டு பிறகு சொல்லுங்கோ” என்றார்.

கண்ணை மூடினேன். முதல் சத்தம் தகரத்தில் பட்டது போலக் கரகரத்தது. இரண்டாவது சத்தம் அந்த வெறும் கூடம் முழுக்கப் பரவி, என் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற அந்த மாலை அப்படியே திரும்பி வந்தது. கண்ணைத் திறந்தால், அவர் கையில் இருந்தது பழுப்பு. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். சிவப்பின் முறுக்குக் கட்டைகள் வழுக்குவதையும், எவ்வளவு முறுக்கினாலும் சுருதி நிற்காததையும் அவரே காட்டினார். தங்கூசி நரம்பைச் சாட்டி நான் பேரம் பேசினேன். பழுப்பு என் கைக்காசுக்குள் அடங்கியது. சேலைக்கு ஒரு சதமும் மிஞ்சவில்லை.

ஒரே ஒரு விரலை ஒரே ஒரு நரம்பில் வைத்தால் போதும், நாலும் சேர்ந்து இனிமையாக ஒலிக்கும் ஓர் இடத்தையும் அவர் காட்டித் தந்தார். அதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, துணிப் பையில் யுகுலேலேயைச் சுற்றி, வானத்தில் நடக்கிற மாதிரி இறங்குதுறைக்கு வந்தேன். கடல் அன்று வெள்ளித் தகடு போலக் கிடந்தது. குடாவுக்கு அப்பால் மூதூர்க் கரை நீலமாகத் தெரிந்தது. அம்மாவுக்கு என்ன பொய் சொல்லலாம் என்ற யோசனைகூட அப்போது வரவில்லை.

சோதனைச் சாவடியில்தான் வானத்திலிருந்து விழுந்தேன்.

ஆண்களுக்கு ஒரு வரிசை, பக்கத்திலேயே பெண்களுக்கு ஒரு வரிசை. என் முறை வந்ததும் சிப்பாய் பையைத் திறந்தான். வாத்தியத்தைக் குலுக்கிப் பார்த்தான். துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தான். யாருடையது என்று கேட்டான். என்னுடையது என்றேன். வாங்கிய ரசீதுத் துண்டு எங்கே என்றான். வீட்டில் வாங்கிய பொருளுக்குத் துண்டு ஏது? இப்போதுதான் வாங்கினேன் என்று சொன்னால் எந்த வீடு, யார் ஆள் என்று நோண்டுவானே, பயணம் போகிற அந்தக் குடும்பத்துக்கு வில்லங்கமாகிவிடுமே என்று பயந்தேன். கொஞ்சம் வீம்பும் சேர்ந்துகொண்டது. “கனகாலமா வைச்சிருக்கிறன். நல்லா வாசிப்பன்” என்று சொல்லிவிட்டேன்.

“அப்ப அடிச்சுக் காட்டுங்க” என்றான் அவன், தன் தட்டுத்தடுமாறிய தமிழில்.

அந்த ஒரு விரலை அந்த ஒரு இடத்தில் வைத்துத் தட்டினேன். வெயிலில் தங்கூசி இளகி விட்டிருந்தது போலும். சத்தம் கோணலாக வந்தது. இன்னொரு தரம் தட்டினேன். அதுவும் கோணல். சிப்பாயின் முகம் மாறியது. இன்னொருவனைக் கைகாட்டிக் கூப்பிட்டான். பொய் சொன்ன பெண்ணை உள்ளே கொண்டு போனால் என்ன நடக்கும் என்று எங்களில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்பதால் நிறுத்தாமல் தட்டினேன். பயத்தில் கை ஒரே பாரமாக, இழுத்து இழுத்து விழுந்தது. ஒரு தட்டு. பிறகு ஒரு மூச்சு. திரும்ப ஒரு தட்டு.

அப்போது பக்கத்து வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“ஏலேலோ...”

கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பா அது. வலைக்கயிற்றை எல்லோரும் ஒரே நேரத்தில் இழுப்பதற்காக ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அதற்குச் சுருதி வேண்டாம், சுரம் வேண்டாம். இழுக்கிற தாளம் ஒன்று இருந்தால் போதும். என் கை தட்டியது அந்தத் தாளத்தைத்தான், எனக்கே தெரியாமல். எடுத்துக் கொடுத்தவர் மெலிந்த ஒரு மனிதர். அவரோடு நின்ற மூன்று நான்கு மீனவர்கள் வாங்கிப் பாடினார்கள். எனக்குப் பின்னால் நின்ற முஸ்லிம் ராத்தா ஒருவர் கையைத் தட்டத் தொடங்கினார். அடுத்த நிமிடம் வரிசை முழுக்கத் தட்டியது. என் கோணல் சத்தம் அந்தப் பாட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

சிப்பாய், தான் கூப்பிட்ட மற்றவனைக் கைகாட்டித் திருப்பி அனுப்பினான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு பையை என்னிடம் நீட்டினான்.

லோஞ்சு புறப்பட்டு வெகுதூரம் வந்த பிறகும் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். காற்று உப்பாக முகத்தில் அடித்தது. பட்டணத்துக் கட்டடங்கள் வெயிலில் கரைந்து சின்னதாகிக்கொண்டிருந்தன. நடந்ததெல்லாம் கனவோ என்றுகூட இருந்தது. அந்த மீனவர்கள் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போய், மூத்தவராகத் தெரிந்தவரிடம், “அண்ணை, உங்களாலதான் இண்டைக்குத் தப்பினனான்” என்றேன்.

அவர் என் பையைப் பார்த்தார். பிறகு, சற்றுத் தள்ளி இருந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த மெலிந்த மனிதரைப் பார்த்தார்.

“எங்களுக்கு என்னத்துக்கு நன்றி, தங்கச்சி? இவன் என்ர தம்பி. விசாரணைக்கெண்டு கொண்டு போனவங்கள், மூண்டு மாசத்துக்குப் பிறகு இண்டைக்குக் காலமைதான் விட்டவங்கள். வந்ததிலயிருந்து ஒரு சொல்லுக் கதைக்கேல்ல. தண்ணிகூடக் கேக்கேல்ல. இலங்கைத்துறையில பொஞ்சாதி பாத்துக்கொண்டு நிப்பாள், இவனை எப்பிடிக் கொண்டுபோய்க் காட்டுறது எண்டு எங்களுக்கு ஈரக்குலை நடுங்கிக்கொண்டிருந்தது. முந்தி எங்கட வலைக்கு அம்பா எடுக்கிறவன் இவன்தான். நீங்க தட்டத் தட்ட, ஆமிக்காரன் நிக்கிறதையும் பாக்காம வாய் திறந்திட்டான்” என்றார்.

யுகுலேலேயை வெளியே எடுத்து, அதே ஒரு விரலை வைத்து, மெதுவாகத் தட்டத் தொடங்கினேன். அந்த மனிதர் திரும்பவில்லை. ஆனால் லோஞ்சின் இரைச்சலுக்கு அடியில் அவர் அம்பாவை முனகுவது கேட்டது. மூதூர்க் கரை வரும்வரை நான் நிறுத்தவில்லை. இறங்கும்போது என் பக்கம் திரும்பி, “கொஞ்சம் தண்ணி இருக்கோ, தங்கச்சி?” என்று கேட்டார். போத்தலைக் கொடுத்தேன். முழுவதையும் குடித்தார். அண்ணன்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பழைய சேலையோடுதான் போனேன். அம்மா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு எத்தனையோ பாட்டுகள் வாசிக்கப் பழகிக்கொண்டேன். அந்த மனிதரை மறுபடி நான் காணவே இல்லை. அவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் கெட்ட காலத்தில் நான் வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருந்த ஒரு சின்ன ஆசை, ஒரு மனிதரை அவருடைய குரலோடு வீட்டுக்கு அனுப்பி வைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், வேண்டாத ஆசை என்று இந்த உலகத்தில் எதையும் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.