நெட்டுக்கார ரோஸ்லின்

உள்ளே நுழைந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, செல்போனை உள்ளங்கையில் நிமிர்த்தி வைத்து, சிக்னல் கோட்டைப் பார்த்துக்கொண்டே வீட்டைச் சுற்றத் தொடங்குகிறாள் ரோஸ்லின். கூடம், படுக்கையறை, அடுப்படி என்று கொல்லைக் கதவு வரைக்கும் போய்த் திரும்புகிறாள். போகிற வழியில் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறாள். டி.வி. பக்கம் இன்னும் திரும்பவே இல்லை. "படம் நிக்கிது டிவில, நீங்க எங்க கொல்லைக்குப் போறீங்க?" என்று கேட்கிற வீட்டுக்காரர்களுக்கு அவள் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்.

"காச்சல் எதனாலன்னு பாக்காம மாத்திர குடுக்கச் சொல்றீங்களா?"

வலங்கைமானைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அவளும் புருஷன் சகாயராஜும்தான் இணைய இணைப்புக் கொடுக்கிறார்கள். கம்பம் ஏறுவது, வயர் இழுப்பது, காற்றில் அறுந்ததை ஒட்டுவது எல்லாம் அவன் பாடு. வாசற்படி தாண்டிவிட்டால் இவள் ராஜ்ஜியம். ஆரம்பத்தில் உள்வேலையும் அவனே பார்த்தான். படுக்கையறை டி.வி.க்கு வேற்று ஆம்பிளையை விட யோசித்த வீடுகள் நிறைய. "ஒங்க வீட்டுல இருந்து யாராச்சும் வந்தா தேவல" என்று நாலு பேர் இழுத்ததும் ரோஸ்லின் வயர் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இப்போது சகாயராஜே டி.வி.யில் படம் நின்றால் பெண்டாட்டியைத்தான் கூப்பிடுகிறான்.

கூடைக்குள் திருப்புளி, டார்ச், தயிர்ச்சாத டப்பா, நாலு முழத்துக்கு ஒரு நீல வயர். அந்த நீல வயர்தான் அவளுடைய நாடி பார்க்கும் கை. டி.வி. பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மோடத்துக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு போய், இரண்டையும் அந்த வயரால் நேரடியாக இணைத்துப் பார்ப்பாள். படம் ஓடினால் பெட்டி நல்ல பெட்டி. "வயரு பேசுது. காத்துலதான் கோளாறு" என்று அறிவிப்பாள். அதற்குப் பிறகு, மோடத்திலிருந்து சிக்னல் வருகிற அந்தக் காற்றை எது கெடுக்கிறது என்று கண்டுபிடிக்காமல் அவளைக் கிளப்ப முடியாது. சாப்பாட்டு வேளை வந்தால் டப்பாவைத் திறந்து அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் தொடர்வாள்.

காற்றைக் கெடுக்க நம்மவர்களுக்குச் சொல்லியா தரவேண்டும்? ஆயுதபூஜைக்கு மோடத்துக்குச் சந்தனம் அப்பி, மூச்சுவிடுகிற ஓட்டையெல்லாம் அடைத்து வைத்த வீட்டை அவள் பார்த்திருக்கிறாள். துபாயிலிருந்து மகன் வாங்கிக்கொடுத்த பொருளென்று பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவர்கள் உண்டு. கமருன்னிஸா வீட்டில் எவர்சில்வர் பாத்திர அலமாரிக்குப் பின்னால் அது ஒளிந்திருந்தது. "அழகா இல்லன்னு மறச்சு வச்சேம்மா" என்றாள் அந்த அம்மாள். "ஒவ்வொரு சட்டியா கொஞ்சம் கொஞ்சம் குடிச்சிட்டு, டிவிக்கு மிச்சத்த அனுப்புதுக்கா" என்றாள் ரோஸ்லின். மோடம் அலமாரி உச்சிக்கு ஏறியது. யாரையும் அவள் திட்டுவதில்லை. சிரிப்பை மட்டும் அடக்கத் தெரியாது.

அந்தச் சிரிப்பு வராமல் போனது இந்த ஐப்பசியில், ரெங்கசாமி வீட்டில்.

ரெங்கசாமியின் மகள் கவிப்ரியா அயர்லாந்தில் ஆராய்ச்சி முடித்து அன்று பட்டம் வாங்குகிறாள். அப்பா அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. விழாவை நேரலையில் காட்டுகிறார்கள், நம் ஊருக்குப் பிற்பகலில். அம்மா வள்ளியம்மைக்குக் கண்ணில் புரை. போனில் பார்த்தால் ஆள் கோடாகத்தான் தெரிகிறது. பெரிய டி.வி.யாக இருந்தால் முகம் பிடிபடும். முந்தின நாள் வரை தடையில்லாமல் ஓடிய டி.வி. அன்று காலையிலிருந்து வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்பறமா ரெக்கார்டு போடுவாங்களாம், அத பாத்துக்கலாம்" என்று ரெங்கசாமி சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

"அப்பறம் பாத்தா அது நடந்து முடிஞ்சதுங்க. எம்பொண்ணு நடக்கறப்ப நா பாக்கணும்" என்றாள் வள்ளியம்மை. அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு டி.வி. முன்னால் காலையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ரோஸ்லின் தண்ணீர் குடித்தாள். சுற்றி வரப் போனவள் முன்கூடத்திலேயே நின்றுவிட்டாள். சன்னல் சுவரில் மோடம். அதற்கு முன்னால் ஆள் நுழைகிற சந்து. சந்தை ஒட்டி, சுவருக்குச் சுவர், ஆளுயரத்துக்கு மேல் நெல் மூட்டை. முந்தின நாள் மாலைதான் அட்டி போட்டு அடுக்கியிருக்கிறார்கள். அட்டிக்கு அந்தப் பக்கம் உள்ளறை, டி.வி., வள்ளியம்மை. அறுத்த குறுவை களத்தில் நனைந்துவிட்டது. ஈரம் குறைந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள். வெளியே தூறல் விட்டபாடில்லை. நனையாமல் இத்தனை மூட்டையை அடுக்க வீட்டில் அந்தக் கூடம் ஒன்றுதான் இடம்.

"ஐயா, நெல்லுதான் மறிக்குது" என்றாள்.

ரெங்கசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நெல்லு எப்பிடிம்மா நெட்ட மறிக்கும்? அதென்ன வாய்க்கா தண்ணியா, மடையப் போட்டு அடைக்க?"

"நெல்லுல இருக்கற ஈரம் மறிக்குது. சாக்கு சாக்கா தண்ணிய அடுக்கி வச்ச கணக்கு ஐயா." போனைச் சந்தில் காட்டினாள், கோடு முழுசாக இருந்தது. கொல்லை வழியாகச் சுற்றி உள்ளறைக்குப் போய்க் காட்டினாள், ஒற்றைக் கோடு நொண்டியது. நீல வயரை மாட்டிப் பார்த்தால் பெட்டி பழுதில்லாமல் ஓடியது. ஆனால் டி.வி. வரைக்கும் போட நாலு முழம் எந்த மூலைக்கு? பெரிய வயர்ச் சுருள் சகாயராஜிடம் இருந்தது. அவன் சாய்ந்த கம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மழைக்கு செல்போன் டவரும் படுத்துவிட்டது.

"நடுவுல ஒரு பத்தி மூட்டைய மட்டும் வெளில எடுத்தா போதும் ஐயா."

ரெங்கசாமி தூறலைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். "முளச்சிடும்மா" என்றார். பிறகு குரலை இறக்கி, "அவள படிக்க வச்சதே இதுதாம்மா" என்றார்.

ரோஸ்லின் சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். அவள் அப்பனும் குத்தகை நிலத்தில் மாரடித்தவர்தான். அதற்கு மேல் அவள் மூட்டைப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதற்காகத் தோற்றுவிட்டுப் போகிறவளும் இல்லை. உள்ளே டி.வி.யில் கொட்டுச் சத்தம் போல் ஏதோ வாத்தியம் துண்டு துண்டாகக் கேட்டது. விழா தொடங்கிவிட்டது.

மோடத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். மின்சாரத்துக்கு ஜங்ஷன் பாக்ஸ் இழுத்துக்கொண்டாள். சந்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி, மோடத்தை அட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"தெரியுதுங்க!" என்று உள்ளிருந்து கூவினாள் வள்ளியம்மை. "கறுப்பு அங்கி போட்டுக்கிட்டு வரிசையா வர்றாங்க!"

அட்டி மேல் வைத்துவிடலாமென்று பார்த்தால் வெளியிலிருந்து மோடத்துக்கு வரும் கண்ணாடி இழை வயர் ஒரு சாண் பற்றவில்லை. சுவரில் ஆணியும் இல்லை. கம்பை முட்டுக் கொடுக்கப் பார்த்தார் ரெங்கசாமி. கம்பு சாக்கில் வழுக்கி, மோடம் தாழ்ந்தது. உள்ளே வட்டம் சுற்றியது. வள்ளியம்மை "ஐயோ" என்றாள்.

"கம்பு வேணாம் ஐயா. நீங்க உள்ள போயி உக்காருங்க. நா புடிச்சிக்கறேன்."

"எம்புட்டு நேரம்மா புடிப்ப?"

"ஒங்க பொண்ணு வர்ற வரைக்கும்."

யார் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாத வரிசை அது. வாயில் நுழையாத பேர்களாக வாசித்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு பேருக்கும் கைதட்டல். ரோஸ்லின் நின்ற இடத்திலிருந்து டி.வி. தெரியாது. மூட்டைகளுக்கு மேலே, கதவிடுக்கில், வள்ளியம்மையின் பாதி முகம் மட்டும் தெரிந்தது. தோள் கடுக்க ஆரம்பித்தது, விரல்கள் மரத்தன. "மாதாவே, அந்தப் பொண்ண சீக்கிரம் கூப்பிடச் சொல்லு" என்று முணுமுணுத்தாள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். கம்பத்தை நிமிர்த்திவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்து, அவளைத் தேடிக்கொண்டு சகாயராஜ் சுருளோடு வந்து நின்றான். ஸ்டூல் மேல் கையைத் தூக்கி நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்துத் திகைத்தான். "எறக்கு ரோஸு. வயரு கொண்டாந்துட்டேன், மாட்டிடலாம்."

"இப்ப மாத்துனா படம் நின்னுதாங்க வரும். அந்த நேரம் பாத்து அவ போயிட்டான்னா?"

அவன் சுருளைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் அந்தப் பேர் கேட்டது. வெள்ளைக்காரன் வாயில் நசுங்கி வந்தாலும் கவிப்ரியா கவிப்ரியாதான். வள்ளியம்மை எழுந்து நின்றுவிட்டாள். "நடக்கறா... நடக்கறாங்க... கை குடுக்கறாரு பாருங்க!" கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த பேர் வாசித்துவிட்டார்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரெங்கசாமி கதவோரம் வந்தார். "பாத்துட்டோம்மா. நல்லா பாத்துட்டோம். எறக்கிடும்மா, கை போயிரும்."

"யாரும் எறக்காதீங்க!" என்று உள்ளிருந்து கத்தினாள் வள்ளியம்மை. "அவ இன்னும் எடத்துல போயி உக்காரல!"

ரோஸ்லின் மோடத்தை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, ஸ்டூலில் நுனிக்காலை ஊன்றி, இன்னும் ஒரு விரற்கடை உயர்த்திப் பிடித்தாள்.