பதினோராம் கட்டிலில் என் கால் தப்பியது

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, என் வலது காலை வெட்டி எடுக்க என்னை மேசைமேல் கிடத்தியபோது எனக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. இனிமேல் செருப்புக் கடையில் ஒற்றைச் செருப்பு தருவார்களா என்ற யோசனை மட்டும் வந்தது. வேறொருவனுடைய சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பவனைப் போல நான் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

என் பெயர் அந்தோணி. கண்டோன்மெண்டில் தையற்கடை, ஜீவனஹள்ளியில் வீடு. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. பட்டாளத்துக்குக் காக்கிச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். தபசு காலத்தில் ஒருநாள் ஜட்கா வண்டிக் குதிரை ஒன்று என் வலது காலில் உதைத்துவிட்டது. அதன் மூஞ்சியைப் பற்றி நான் சொன்ன வேடிக்கை அதற்குப் பிடிக்கவில்லை போலும். காயம் சீழ் பிடித்து, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கால் போய்விடுமோ என்று நடுங்கினேன். இல்லை, சுத்தம் செய்து கட்டினால் ஆறிவிடும் என்றார்கள். அதோடு என் வாய் திறந்துகொண்டது. கட்டு மாற்ற வருகிறவர்களிடமெல்லாம், "இது என் கால் இல்லீங்க, பட்டாளத்துல இரவல் வாங்கினது" என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

எதிர் வரிசையில் ஜன்னலோரமாக அப்துல் காதர் பாய் இருந்தார். பழ வியாபாரி. சர்க்கரை வியாதியில் அவருடைய வலது பாதம் அழுகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அவருக்கும் வலது கால், எனக்கும் வலது கால். இருவருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கட்டு.

அந்த வார்டில் மனிதருக்குப் பெயர் கிடையாது. கட்டிலுக்கு மேலே சுவரில் எழுதிய நம்பர்தான் பெயர். பாய் பதினொன்று. நான் இருபத்திரண்டு.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் பாய் கோலை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், உங்க கட்டில்ல உக்காந்தா மொகம் நேரா மேற்கே பாக்குது. நாளைக்கு என் காலை எடுத்துடுவாங்க. அதுக்குள்ள ரெண்டு வேளையாவது ஒழுங்கா தொழுதுக்கறேனே. மாத்திக்கலாமா?"

"தாராளமா மாத்திக்கலாம் பாய். அங்கே படுத்தா எனக்கும் கோயில் மணி நல்லா கேக்கும். ஆனா உங்க மூட்டைப்பூச்சிங்களையும் கூட்டிட்டு வந்துடுங்க."

"அதுங்க வராது மாஸ்டர். புது ரத்தம்னா அதுங்களுக்கு ரொம்பப் பிரியம்."

அவர் தொழுவதற்காக என் கட்டிலுக்குப் போனார். நான் செபமாலையோடு அவர் கட்டிலுக்குப் போனேன். ராத்திரி டியூட்டி சிஸ்டர் பார்த்தார். "சண்டை போடாம படுத்தா சரி" என்றார். காலையில் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனார். அடுத்து வந்த சிஸ்டரிடம் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தோம்.

காலையில் "இருபத்திரண்டு, கட்டு மாத்தணும்" என்று கூப்பிட்டு, பாயை வராந்தாவுக்கு அழைத்துப் போய் முறைக்காக உட்கார வைத்தார்கள். தன்னை ஆபரேஷனுக்குத் தயார் செய்கிறார்கள் என்று நினைத்து அவரும் பேசாமல் போய்விட்டார்.

பிறகு புது சிஸ்டர் என்னிடம் வந்து, "பதினொண்ணு, கையை நீட்டுங்க" என்றார். நீட்டினேன்.

"இந்த ஊசி போட்டா சிரிப்பு வருமா சிஸ்டர்?"

"தூக்கம் வரும். வாயை மூடுங்க."

வலிக்குத்தான் ஊசி என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஆர்டர்லி முனிசாமி ஸ்ட்ரெச்சரோடு வந்தான். யாருக்கு என்ன வியாதி என்று அவனுக்குத் தெரியாது. நம்பர் தெரியும்.

"எங்கேப்பா?"

"கால் எடுக்க, மாஸ்டர்."

"அய்யோ, அது என் கால் இல்லப்பா!"

முனிசாமி விழுந்து விழுந்து சிரித்தான். "தெரியும் மாஸ்டர், இரவல் கால்தானே? இன்னைக்குத் திருப்பிக் கொடுத்துடலாம். சும்னே, பேசாம படுங்க."

கத்தினேன். கத்துவதாக நினைத்தேன். நாக்கு ஈரத் துணி மாதிரி தடித்துக் கிடந்தது. ஊரெல்லாம் வாயாடி என்று பேரெடுத்தவன், தேவைப்பட்ட ஒரு காலையில் ஊமையாகிப் போனேன். பயமும் அந்த நேரத்தோடு மரத்துப்போனது. கூரை நகர்ந்தது, கதவு நகர்ந்தது. மெஷினை மிதிக்கிற கால் போனால் தையற்காரன் என்ன செய்வான்? என் மனைவி ஞானம்மாவிடமும் பிள்ளைகளிடமும் என்ன சொல்வேன்? கேள்விகள் வந்தன. அவை எதுவும் என்னைத் தொடவில்லை.

அப்போது உள்ளுக்குள் ஒரே ஒரு செபம் செய்தேன். "ஆண்டவரே, ஒரு வார்த்தை பேச நாக்கைக் கொடும்." அவ்வளவுதான். அதற்குமேல் செபிக்க எனக்குத் திராணி இல்லை.

வெட்ட வந்த பெரிய டாக்டர் மைசூர்க்காரர். நன்றாகத் தமிழ் பேசுவார். பாயின் காலைப் பார்த்து முடிவு செய்தவர் இவர் அல்ல. அந்த டாக்டரைப் பட்டாளத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அழுகிய பாதத்தை அந்த அறையில் திறக்கக்கூடாது என்பது வழக்கம். அதனால் கட்டோடு வைத்தே கால் முழுக்கத் துணி போர்த்தினார்கள். குளோரோபாரம் கொடுக்க ஒரு சின்ன டாக்டர் என் தலைமாட்டில் நின்றார். மூக்கின்மேல் துணியை வைத்து, "பெரியவரே, எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுங்க" என்றார்.

எண்ணத்தான் வாயைத் திறந்தேன். ஒன்று என்ற சொல்லே எனக்குக் கிடைக்கவில்லை. குழந்தையிலிருந்து தடுக்கி விழுந்தால், இடி இடித்தால் தானாக வருகிற திருக்குடும்பத்தின் மூன்று பெயர்கள்தான் குழறிக்கொண்டு வெளியே வந்தன.

"சேசு... மரி... சூசை..."

சின்ன டாக்டரின் கை நின்றது. "சார்..."

"என்ன?"

"இவர் எண்ண மாட்டேங்கறார், சார்."

"எண்ணினா என்ன, பாடினா என்ன? மேலே கொடுங்க."

சின்ன டாக்டர் துணியை என் மூக்கிலிருந்து எடுத்துவிட்டார். "சார், பேஷண்ட் பேரு அப்துல் காதர்னு சொன்னாங்க. இவர் சூசையப்பரைக் கூப்பிடறார், சார்."

பெரிய டாக்டர் கத்தியைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது.

"கட்டைப் பிரிங்க."

பிரித்தார்கள். ஐந்து விரலும் ஒழுங்காக இருந்தன. குதிரைக் குளம்பு பதிந்த காயம் மட்டும் இருந்தது. பெரிய டாக்டர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சின்ன டாக்டரைப் பார்த்து, "நான் கொடுக்கச் சொன்னப்புறமும் நிறுத்தினீங்க" என்றார். "இனிமேலும் அப்படியே நிறுத்துங்க. நான் திட்டினாலும் நிறுத்துங்க."

அவர் யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. சாயங்காலம் வார்டுக்கு வந்து எல்லார் முன்னாலும் என் கட்டிலருகே நின்றார். "மொகத்தைப் பாக்காம கத்தியை எடுத்தது நான்" என்றார். மறுநாளிலிருந்து நம்பர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று உத்தரவு. ஊசிக்கு முன்னாலேயே நோயாளி தன் வாயால் பெயரையும் நோயையும் சொல்ல வேண்டும். வெட்டுகிற டாக்டரே வந்து கேட்டு, அந்த இடத்தில் மையால் குறி போட வேண்டும். டியூட்டி மாறும்போது இரண்டு சிஸ்டர்களும் சேர்ந்து கட்டில் கட்டிலாக வர வேண்டும். தவறு கண்டவர் தோட்டியானாலும் "நிறுத்து" என்று சொல்லலாம்.

ஞானம்மா வந்து கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "இவரு வாயை மூடுங்க சாமின்னு எத்தனை வருஷமா வேண்டிக்கிட்டேன்! மூடறதுக்கு இந்த நாளா கிடைச்சுது?" வார்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நன்றிகூட வரவில்லை. மரக்கட்டையாகக் கிடந்தேன்.

ஏனென்றால் அன்று மத்தியானமே பாயின் காலை எடுத்துவிட்டார்கள். அது எடுக்க வேண்டிய கால்தான். அவரும் செபித்தவர்தானே? என்னைவிட ஒழுங்காகச் செபித்தவர். இன்றும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் பாய் மயக்கம் தெளிந்து முதலில் கேட்டது தன் காலைப் பற்றி அல்ல. "மாஸ்டர், உங்க காலு இருக்கா?"

"இருக்கு பாய்."

"அல்ஹம்துலில்லா. போயிருந்தா உங்க வீட்டம்மா மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொன்னேன்.

இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த வார்டுக்குப் போகிறேன். வேடிக்கையை விடவில்லை, ஆனால் என் உடம்பைப் பற்றி யார் கேட்டாலும் விளையாடாமல் பதில் சொல்கிறேன். புதிதாக வந்தவர்களிடம், "கேக்காட்டியும் பேரைச் சொல்லுங்க, எந்தக் கால்னு சொல்லுங்க" என்கிறேன். சிலருக்குப் பயத்தில் செபம் மறந்துவிடுகிறது. அழக்கூட முடியாமல் கிடக்கிறார்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். நல்ல செபம் வரவில்லையே என்று கலங்காதீர்கள். மரத்துப்போன நாக்கால் கூப்பிடுங்கள். பாதியில் குழறினாலும் ஆண்டவருக்குக் கேட்கும். உங்கள் தலைமாட்டில் நிற்கிற யாரோ ஒருவருக்கு, "சார், கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்லும் தைரியத்தை அவர் கொடுப்பார்.