கொட்டாஞ்சேனையில் நான் வாய் மூடிய சனிக்கிழமை

காலை 7.10. கொழும்பு வெள்ளவத்தையில் ரஞ்சனி டீச்சரும் நானும் 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினோம். புறக்கோட்டைக்கு ஒன்பது கிலோமீற்றர், அறுபது ரூபாய். முதல் நாள்தான் ஹட்டனிலிருந்து வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தமிழும் சிங்களமும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. கொட்டாஞ்சேனையில் சனிக்கிழமை வகுப்பு நடத்தும் ரஞ்சனி டீச்சருக்கு உதவி ஆசிரியை தேவை. ஒருநாள் வந்து செய்துகாட்டச் சொல்லியிருந்தார்.

யாழ்ப்பாணத்துக்காரரான டீச்சர், முப்பது வருடம் சிங்களப் பாடசாலையில் தமிழ் படிப்பித்தவர். கண்டக்டர் அவருடைய பழைய மாணவர், சிங்களவர். "இருங்கோ டீச்சர்" என்று டீச்சரின் யாழ்ப்பாணத் தமிழிலேயே சொல்லி இடம் பிடித்துக் கொடுத்தார். என் மலைநாட்டுப் பேச்சைக் கேட்டுவிட்டு, "இந்தத் தங்கச்சிக்கு ஆர் தமிழ் படிப்பிச்சது?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

8.15. புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு த்ரீவீல் ஆட்டோவில் முந்நூறு ரூபாய். வகுப்பு நடக்கும் மண்டபத்தில் ஒரு மேசை, அலுவலகக் கவுண்டர்போல. ஒரு பக்கம் தமிழ் பழகும் சிங்கள அலுவலர்கள், மறுபக்கம் சிங்களம் பழகும் கொட்டாஞ்சேனைப் பெண்கள். பெண்கள் தங்கள் உண்மையான அலுவலையே கொண்டுவர வேண்டும். அலுவலர் தமிழில் கேட்க, அவர்கள் சிங்களத்தில் பதில் சொல்ல வேண்டும். இடையில் எவரும் மொழிபெயர்க்கக் கூடாது. டீச்சர் சம்பளமில்லாமல் பதினொரு வருடமாக இதைச் செய்கிறார்.

9.30. மேரி அக்காவின் முறை. மகனை முதலாம் வகுப்பில் சேர்க்க வதிவிடச் சான்றிதழ் வேண்டும். திங்கட்கிழமை தனியாக அலுவலகம் போகிறார். மேசைக்கு அந்தப்பக்கம் நிமல் என்ற இளம் எழுதுவினைஞர். எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று நிமல் தமிழில் கேட்டார். மேரி அக்கா ஒரு சிங்களச் சொல்லைத் தொடங்கி, விட்டுவிட்டு, மறுபடி தொடங்கினார். அந்தத் தடுமாற்றத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நடுவில் புகுந்து, அரை நிமிடத்தில் அவர் கதை முழுவதையும் சிங்களத்தில் சொல்லிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து டீச்சரைப் பார்த்தேன்.

"திங்கட்கிழமையும் நீர் இவவோட போவீரோ பிள்ளை?" என்றார். வாசலோரம் கிடந்த வாங்குப் பெஞ்சைக் காட்டினார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன்.

அவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள். இருபது நிமிடம் பிடித்தது. நிமல் தாளில் வீடு வரைந்தார். மேரி அக்கா விரல் விட்டு வருடங்களை எண்ணினார். ஒழுங்கை, வீட்டுக்காரர், வாடகை எல்லாம் துண்டுதுண்டாகச் சிங்களத்தில் வந்தன. கடைசியில் யாரும் கேட்காமலே, சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று அவரே சிங்களத்தில் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை வாங்கோ அக்கா" என்றார் நிமல்.

மேரி அக்கா சேலையைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். அலட்டாத டீச்சர் இரண்டு மொழிச் சனங்களை நேருக்கு நேர் உட்காரவைத்துவிட்டு, தான் ஒதுங்கி நின்றார்.

12.40. விடைபெறும்போது டீச்சர் சொன்னார்: "வாற சனியும் வாரும். வாங்கில இருந்து பாரும்."

ஹட்டன் பஸ்ஸில் அம்மாவை நினைத்தேன். மூட்டுவலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் சிங்கள டொக்டரிடம் அம்மாவுக்காக நான்தான் பேசுவேன். அம்மா பேச வேண்டியதில்லை என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை. வலி எப்படி இருக்கிறது என்று அம்மா தன் வாயால் ஒரு டொக்டரிடம் சொல்லி, நான் கேட்டதே இல்லை.