அண்ணியின் தொட்டி மண்

பசுமைக்குடிலில் தண்ணீர் ஊற்றும் வேலை கடுகுக்கும் அவள் அண்ணிக்கும். ஆள் சிறுசு, வாய் காரம். அதனால்தான் அவளுக்குக் கடுகு என்று பெயர். தொழிற்சாலைக் கழிவு பாய்ந்து கெட்ட வயலிலிருந்து மண் கொண்டுவந்து, தொட்டிகளில் நெல் நட்டிருந்தார் ஆய்வாளர். வெள்ளை அட்டை கட்டிய நாற்பது தொட்டி கடுகுக்கு. சிவப்பு அட்டை நாற்பது அண்ணிக்கு. ஏன் இந்தப் பிரிவினை என்று அவர் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றுகிறவளுக்கு விளக்கம் எதற்கு?

ஒரு மாதத்தில் சிவப்பு அட்டைப் பயிர் கருகருவென்று பச்சை பிடித்தது. கடுகின் பயிர் காமாலை கண்டதுபோல் நின்றது.

"எல்லாம் கைராசிடி கடுகு," என்றாள் அண்ணி. "சிலர் தொட்டா துலங்கும். சிலர் தொட்டா..."

"முடிங்க அண்ணி. ஏன் பாதியில நிறுத்திட்டீங்க?"

வீட்டிலும் அதே பெருமை. அண்ணன் வேறு தலையாட்டினான். கடுகுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே குழாய், ஒரே குவளை, ஒரே வெயில். தன் கை மட்டும் என்ன பாவம் செய்தது?

மறுநாள் அண்ணி சாப்பிடப் போன நேரம் பார்த்து, ஒவ்வொரு சிவப்புத் தொட்டியிலும் வேரோடு ஒரு பிடி மண் அள்ளித் தன் தொட்டிகளில் புதைத்தாள். ராசியைத் திருடுவதாகத்தான் நினைப்பு.

ஆறே வாரத்தில் வெள்ளை அட்டைகளும் தலை நிமிர்ந்தன. கடுகின் நடையே மாறிவிட்டது. ஆய்வாளரோ வேர்களைச் சாயத்தில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"சிவப்புல மட்டும்தானே பூஞ்சை போட்டேன்! வெள்ளைக்குள்ள யார் கலந்தது? ஒரு பருவ உழைப்பே போச்சு!" அவர் பார்வை அண்ணி மேல் திரும்பியது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அங்கேயே போயிருக்கும். ஆனால் கடுகின் வயிற்றெரிச்சல் முந்திக்கொண்டது.

"நான்தான் மண்ணை எடுத்துப் போட்டேன் சார். அப்ப, அது அண்ணி கை இல்லையா?"

"கையாவது, காலாவது! வேருக்குள்ள வாழற நல்ல பூஞ்சைம்மா. மண்ணுல இருக்கற விஷ உலோகத்தைத் தானே பிடிச்சு வச்சுக்கும். பயிருக்கு அதிகம் போக விடாது. உன்னை வேலையில வச்சிருக்கறதே தப்பு."

"முதல் நாளே இதைச் சொல்லியிருந்தா நான் ஏன் திருடறேன்? இனிமே ஆளுக்குப் பாதி சிவப்பு, பாதி வெள்ளை குடுங்க. கையா பூஞ்சையான்னு எங்களுக்கும் தெரியணும்ல?"

படித்த மனிதர் குறிப்பேட்டைத் திறந்து, ஆளுக்குப் பாதி என்று எழுதிக்கொண்டார். முதலிலேயே அவர் அப்படித்தான் பிரித்திருக்க வேண்டும்.

அடுத்த பருவம் அவ்வாறே நட்டார்கள். இருவருக்கும் சிவப்பு செழித்தது, வெள்ளை வெளிறியது. கடுகு தினமும் காலையில் வந்ததும் முதலில் போய்ப் பார்த்தது அண்ணியின் வெள்ளைத் தொட்டிகளைத்தான்.